ரெண்டாம் நம்பர் வாளி

ஜூன் முதல் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீட்டிலேயே பீர் புளிக்கவைக்க வாளி தேடி எபனேசர் பரணில் ஏறினார். அங்கே இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. ஒன்று பெயின்ட் வந்தது. மற்றது பேக்கரிக்கு க்ரீம் வந்த வெள்ளை வாளி. தேர்வாகாததற்குக் கழிப்பறை வேலை என்று இரண்டுக்கும் தெரியும்.

“உன் அடியில என்ன நம்பர்டா?” என்றது பெயின்ட் வாளி.

“முக்கோணத்துக்குள்ள ரெண்டு போட்டிருக்கு, அண்ணே.”

“ரெண்டாம் நம்பர் சரக்கா! வெளியில சொல்லாதே. நான் அஞ்சு.”

வெள்ளை வாளி கூசிப்போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. எபனேசர் முதலில் பெயின்ட் வாளியை மோந்து பார்த்து முகம் சுளித்தார். “எத்தனை தடவை கழுவினாலும் பெயின்ட் பெயின்ட்தான்.” பிறகு வெள்ளை வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். “ரெண்டாம் நம்பர் பிளாஸ்டிக், சாப்பாட்டுக்கு ஆகும். அதுவும் சாப்பாட்டுச் சாமான் வந்தது! நீதான்யா வேணும்.”

வெள்ளை வாளிக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, கழிப்பறைக்கு வழி தெரியுமில்ல?” என்று கேட்டுவிட்டு இறங்கியது. பீரை ஊற்றி மூடியதும், கிடைத்த பதவியை விடக்கூடாதென்று மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளே கிளம்பிய காற்றுக்குக்கூட வழிவிடவில்லை.

ஜூன் நான்காம் தேதி மூடி கூரையில் மோதியது. சிந்திய பீரை எபனேசர் துணியால் ஒற்றி, கழிப்பறையிலிருந்து எடுத்துவந்த பெயின்ட் வாளியில் பிழிந்தார்.