துணைக்கு வந்தவள்

கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்தில் இதய நோய் முகாம் நடக்கிறது. மூன்று வருடங்களாக நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடும் கரியனுக்கு ஈசிஜி நன்றாகவே வருகிறது. கூட வந்த மனைவி சடையம்மாளுக்கும் நர்ஸ் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார். ஜன்னல் வெயிலில் நீளும் காகிதத்தைப் பார்த்த டாக்டர் எழுந்துவிடுகிறார். “அம்மா, இது அட்டாக். உடனே கள்ளக்குறிச்சிக்குப் போவணும்.” “எனக்கா? வலியே இல்லீங்களே. நாலு நாளா சாமை அறுத்துகினு இருந்தேன், களைப்புதான் ஜாஸ்தி.” கரியன் டாக்டரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்க்கிறார். “சீட்டு மாறிப்போச்சுங்களா? நல்லா பாருங்க, எனக்குத்தான் நெஞ்சுவலி.” ஈசிஜிக்காகக் கழற்றிய காப்பைச் சடையம்மாள் முந்தானையில் முடிந்துகொள்கிறாள். வாசலில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறக்கிறது. “பேஷண்ட் ஏறுங்க” என்கிறார் ஓட்டுநர். சடையம்மாள் கணவரின் முழங்கையைப் பிடித்து, “பாத்து, மெதுவா” என்று அவரை முதலில் ஏற்றிவிடுகிறாள்.