மாட்டு வியாபாரி வீட்டுத் தெம்பே

விருந்தாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் விருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்த லஸ்த்ரிக்கு மயக்கம் வராத குறை.

மாட்டுக்கறி இருக்க வேண்டிய இடத்தில் நாலு துண்டு தெம்பே.

சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கின தெம்பே அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் தினப்படி சாப்பாடு. அதை விசேஷத்துக்கு யாரும் வைப்பதில்லை. அதுவும் மகனுக்கு சுன்னத் முடிந்த விருந்தில். அதுவும் ஊரிலேயே பெரிய மாட்டு வியாபாரி வீட்டில்.

"என்னங்க இது?"

"தெம்பே," என்றார் அவள் புருஷன், மாட்டு வியாபாரி சுகிர்மான்.

"அது தெரியுது. மாட்டுக்கறி எங்க?"

"மாட்டு மேலேயே இருக்கு. நேத்து சமையல்காரர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். உடம்புக்கு இதுதான் நல்லது."

பெட்டிகளைப் பையில் போட ஒத்தாசைக்கு வந்திருந்த வார்சி, பக்கத்தில் நின்ற யத்மியின் காதில் சொல்வது போல ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

"மாட்டை வித்து மாடி கட்டினாரு. நமக்கு நாலு துண்டு தெம்பே. மகராசன்."

எதிர்வீட்டு யத்மி தலையைக் குனிந்துகொண்டு பைகளைக் கட்டினாள். அவள் புருஷன் இல்லாமல் துணி தைத்துப் பிழைப்பவள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மகனுக்கும் இதே விசேஷம்.

சுகிர்மான் அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. துஆ ஓதி முடிந்ததும், பாயில் உட்கார்ந்திருந்த ஆண்கள் முன்னால் எழுந்து நின்று பிரசங்கமே செய்துவிட்டார்.

"சோயாவுல நல்ல புரதம் இருக்கு. கெட்ட கொழுப்பைக் குறைக்கும். தெம்பேல நார்ச்சத்தும் உண்டு, வயிறு சுத்தமாகும். டாக்டரே சொல்றாரு. இனிமே விசேஷத்துக்குக் கறி போடறவன் விருந்தாளி நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வைக்கறான்னு அர்த்தம்."

"அப்ப நாளையிலேருந்து மாடு விக்க மாட்டீங்களாண்ணே?" என்று பாயிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"விப்பேன். உன்ன மாதிரி சொல்பேச்சு கேக்காதவங்க இருக்காங்கள்ல."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே லஸ்த்ரி அழுதாள்.

மறுநாள் காய்கறிக் கடையில், "உங்க வீட்ல இப்ப சோயாவைத்தான் கட்டிப்போட்டு வளர்க்கறீங்களாமே?" என்று ஒருத்தி கேட்டாள். அதன்பிறகு லஸ்த்ரி கடைக்குப் போகவில்லை. புருஷனோடும் பேசவில்லை. கஞ்சப் பிசினாரிக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பாத்திரங்களிடம் மட்டும் பேசினாள். பாத்திரங்களும் பதிலுக்கு நன்றாகவே சத்தம் போட்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை யத்மி வீட்டு விருந்து. பெட்டியைத் திறந்தால் அங்கேயும் தெம்பே.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பெரிய வீட்டையும் சேர்த்துச் சிரிக்க வேண்டும். வார்சிகூட, "இப்பல்லாம் கறின்னாலே எனக்குப் படபடன்னு வருதுடி, இதுதான் சரி," என்று யத்மியின் முதுகைத் தட்டினாள்.

எல்லாரும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப, சுகிர்மான் மட்டும் அங்கேயே பிரித்துத் தெம்பேயைச் சாப்பிட்டார். போதாததற்கு, "தங்கச்சி, இன்னும் ரெண்டு துண்டு கொடு," என்று கேட்டு வாங்கித் தின்றார். யத்மிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வீட்டுக்கு வந்தவர் நேரே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ஒரு தடவை, மறு தடவை. நாக்கையும் வழித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த லஸ்த்ரிக்கு மௌன விரதம் கலைந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க தெம்பேயைத் தொட்டதில்ல. வாடையே ஆகாதும்பீங்க. அப்புறம் எதுக்குங்க இந்தக் கூத்து? ஊரே காறித் துப்பிடுச்சு."

சுகிர்மான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம விசேஷத்துக்கு முந்தின நாள் சந்தையில யத்மியைப் பாத்தேன். தையல் மெஷினை விக்க ஆள் தேடிட்டிருந்தா. எதிர்வீட்டுப் பெட்டியில மாட்டுக்கறி இருந்தா அவ பெட்டியிலயும் இருந்தாகணுமாம். இல்லேன்னா மகன் தெருவுல தலைநிமிந்து நடக்க முடியாதாம்."

எதிர்வீட்டில் யத்மி விருந்துக்காக நிறுத்தி வைத்திருந்த தையலைத் திரும்ப ஆரம்பித்திருந்தாள். கடகடவென்று சத்தம் கேட்டது.

"தெம்பே உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும்," என்றார் சுகிர்மான். "அந்த மெஷினுக்கு ரொம்ப நல்லதுன்னு எனக்கே தெரிஞ்சுது."