கணக்கும் நானும்

முப்பத்து நான்காவது தாளில் அவளுடைய சிவப்புப் பேனா நின்றது.

அதுவரை எல்லாத் தாள்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் இரண்டாம் ஆண்டு மாணவிகள். அடுத்த வருடம் தொடக்கப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். ‘கணக்கும் நானும்’ என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தாள். ‘முதலில் பயந்தேன், பிறகு பிடித்தது, எங்கள் ஆசிரியரே காரணம்’ என்றே எழுதியிருந்தார்கள். பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டு என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

இது முத்துப்பேச்சியின் தாள்.

‘நான் ஒன்றாம் வகுப்பு. அண்ணன் மூன்றாம் வகுப்பு. எல்லோருக்கும் ஒரே அறை. அண்ணனுக்கு ஏழாம் வாய்ப்பாடு நாற்பத்திரண்டுக்கு மேல் வராது. டீச்சர் மர ஸ்கேலால் காதோடு சேர்த்து அடித்தார்கள். ஒரு வாரம் சீழ் வடிந்தது. பிறகு அந்தக் காது கேட்கவில்லை. பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. இப்போது உப்பளத்தில் வேலை செய்கிறான். எனக்கும் கணக்குக்கும் உள்ளது இதுதான்.’

கீழே ஊர்ப் பெயர். செவக்காட்டூர்.

அந்த ஊரில் அவள் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள்.

பள்ளியில் இரண்டே பேர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமை ஆசிரியருக்கு. மற்ற மூன்றும் அவளுக்கு.

பையனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள்.

சத்துணவுக் கூடத்துப் புகை வந்தது. ஓடு பெயர்ந்த கூரை வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு மண்ரோட்டில் நடந்த காலைகள் வந்தன.

அவன் வரவில்லை.

அடித்தது ஞாபகம் இல்லை. அடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்போது எல்லோரையும்தான் அடித்தாள்.

மதிய இடைவேளையில் முத்துப்பேச்சியை வரச் சொன்னாள். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை.

“அந்த டீச்சர் பேரை ஏன் எழுதலை?”

“நீங்கதானே மேடம் படிக்கப்போறீங்க.”

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“சேர்ந்த அன்னைக்கே தெரிஞ்சிட்டு.”

“ஏன் சொல்லலை?”

“சொல்லி என்ன ஆகப்போகுது மேடம்.” முத்துப்பேச்சி சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தாள். “இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். முந்தாநேத்து பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்துல நான் ஒரு பொம்பளப் பிள்ளைய அடிச்சிட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வகுத்தல் பாடம். நீங்க சொன்ன மாதிரி புளியங்கொட்டை எல்லாம் கொண்டு போனேன். பங்கு வைக்கச் சொல்லித்தான் தொடங்கினேன். மூணு தடவ கேட்டேன். அந்தப் பிள்ளை வாயே தொறக்கலை. எப்படி அடிச்சேன்னே தெரியலை மேடம்.”

“எங்க அடிச்ச?”

“கன்னத்துல.”

“பேரு என்ன?”

“கேக்கலை.”

“நேத்து வந்தாளா?”

முத்துப்பேச்சி தலையாட்டினாள். இல்லை.

“இதுக்கு என்ன செய்யணும்னு நீங்க எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லையே மேடம்.”

பதினொரு வருடமாக அவள் இங்கே இடமதிப்பு சொல்லிக்கொடுக்கிறாள். பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற சுற்றறிக்கையை ஆண்டுதோறும் வாசித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறாள்.

தாளில் மதிப்பெண் போடாமல் மடித்து வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். “வா, அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வருவோம்.”

பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“உங்க அண்ணனை ஒரு தடவ நான் வந்து பாக்கட்டுமா?”

முத்துப்பேச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் மேடம். அவன் உங்கள நல்ல டீச்சர்னுதான் சொல்லுவான்.”



பள்ளியில் சிறுமி இன்றும் இல்லை. வகுப்பாசிரியை வீட்டுக்கு வழி சொன்னார். பின்பக்கம் மூன்றாவது சந்து, சிமெண்ட் ஷீட் போட்ட வீடு.

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் டீச்சர் தோரணையில் சேலை கட்டிய இருவரைப் பார்த்ததும் எழுந்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

“உடம்பு சரியில்லைன்னுதான் அனுப்பலை டீச்சர். நாளைக்கு அனுப்பிருதேன்.”

“நான் அடிச்சிட்டேன் அக்கா,” என்றாள் முத்துப்பேச்சி.

அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்தது. சிரித்தாள்.

“இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? படிக்கலைன்னா இன்னும் ரெண்டு போடுங்க டீச்சர். நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

முத்துப்பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “ஏட்டி, வெளிய வா. பெரிய டீச்சர் வந்திருக்காங்க.”

சிறுமி வந்தாள். எட்டு வயதிருக்கும். கன்னத்தில் ஒரு தடமும் இல்லை.

தனக்குப் போட்ட நாற்காலியில் உட்காராமல் அவள் சிறுமியின் முன்னால் தரையில் குந்தினாள். இப்போது இருவர் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன. முடிந்த அளவு மெதுவாகக் கேட்டாள்.

“உன் பேரு என்னம்மா?”

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். முத்துப்பேச்சியைப் பார்த்தாள்.

பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை நீட்டினாள்.