காலிப் பாதி

"அண்ணே, இது என்ன?"

ஓட்டையண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"டிஸ்க், மேடம்."

"அது தெரியுது. உங்க டிராயர்ல என்ன பண்ணுது?"

ஓட்டையண்ணன் டிராயரைச் சாத்தினார். மேனேஜரம்மாவுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கில் ஓட்டை போட்டு, அரைத்துத் தூளாக்கி, 'முற்றிலும் அழிக்கப்பட்டது' என்று சான்றிதழ் தருகிற கம்பெனி அது. ஓட்டை போடுகிற மெஷின் ஓட்டையண்ணன் கையில்; பெயரும் அதனால் வந்ததுதான். ஒரே ஒரு டிஸ்க் உயிரோடு வெளியே போனாலும் இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"ஓட்டைதான் போட்டிருக்கே மேடம்" என்றார் மெதுவாக.

"எங்க போட்டிருக்கு?"

மேனேஜரம்மா ஏற்கெனவே திருகாணிகளைக் கழற்றியிருந்தார். இந்தப் புது மாதிரி டிஸ்க்குகளில் பெட்டிதான் பெரிசு. தகவல் இருக்கிற சிப்பெல்லாம் ஒரு பாதியில். மறு பாதி வெறும் காலி. ஓட்டை அந்தக் காலிப் பாதியில் கச்சிதமாக விழுந்திருந்தது. சிப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

புதுசாகச் சேருகிறவர்கள் செய்கிற தப்பு. ஆனால், "காலிப் பாதியில போட்டுத் தொலைக்காதீங்கப்பா" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இந்த மனுஷன்தான். பதினெட்டு வருஷ சர்வீஸ். தெரியாமல் நடந்தது என்றால் சின்னக் குழந்தைகூட நம்பாது.

"யாருக்கு விக்க வச்சிருக்கீங்க?"

"விக்க இல்ல மேடம். உடையவங்க திரும்பக் கேட்டா குடுக்கலாம்னு."

"அழிக்கக் குடுத்தவங்க எதுக்குத் திரும்பக் கேக்கப்போறாங்க? கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பதினாலு மாசம் ஆச்சு."

"யாரு அவங்க?"

"குடுத்தவங்க விவரத்தை யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க."

வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை மேனேஜரம்மா மனசுக்குள் எழுதி முடித்தே விட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டிஸ்க்கைக் கொடுத்த ஆளின் பெயரையும் சேர்த்துவிடலாம் என்று, டிஸ்க்கில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துப் பதிவேட்டைப் புரட்டினார்.

நம்பர் இருந்தது. 'என் முன்னிலையில் அழிக்கப்பட்டது' என்று இருந்தது. அதன் கீழே மேனேஜரம்மாவின் கையெழுத்தே இருந்தது.

பதினாலு மாசம். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வீட்டை விட்டுப் போனது அந்த வாரம்தான். "அவளே வேண்டாம்னு ஆனப்புறம் அவ படம் எதுக்கு? என் கண் முன்னாடி போடுங்கண்ணே" என்று வீட்டு லேப்டாப் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து இதே மேஜையில் வைத்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் பக்கத்துலயேதானே அண்ணே நின்னேன்?"

"நின்னீங்க மேடம். மெஷினை இறக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்க. அப்பதான் டிஸ்க்கைத் திருப்பி வச்சேன்."

மேனேஜரம்மா பதிவேட்டை மூடினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இதுல... படமெல்லாம் வருமா?"

"எல்லாம் வரும் மேடம். அந்த ஓட்டையைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."