கழுத்துக்கு மேல்

ஓவியத்தில் படுத்திருப்பது தன் உடம்புதான் என்று லெயோந்தீனால் அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் பாரிஸ் முழுக்கக் கண்காட்சி மண்டபத்துக்குள் திரண்டிருந்தது. முசே தெலோர்ம் வரைந்த 'உறங்கும் வனதேவதை'க்கு முன்னால் எள் போட்டால் எள் விழாது.

பாசி மெத்தையில், ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டபடி, கண்மூடிக் கிடந்தாள் தேவதை. உடம்பில் ஒரு மயிர் இல்லை. ஒரு தழும்பு இல்லை.

குளிர்காலம் முழுக்க முசேயின் முன்னால் அப்படிக் கையைத் தூக்கிப் போட்டுப் படுத்து மரத்துப்போனவள் லெயோந்தீன்.

அவளுடைய அம்மை குத்திய தழும்பை முசே அழித்திருந்தார். செருப்பு கடித்த காய்ப்பையும், பிள்ளை பெற்ற வயிற்றின் வரிகளையும்கூட. அதில் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. முகத்தை எடுத்துக்கொள்ளாததுதான் உறுத்தியது. "கழுத்துக்கு மேல நீ வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இப்படி ஒருத்தி உலகத்துலயே கிடையாதுப்பா" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். விட்டபடியே லெயோந்தீனின் காலை மிதித்தார்.

காலை உருவிக்கொண்டு முன்னால் நகர்ந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

நோர்மந்தி கிராமத்துப் பெண்கள் அணியும் கஞ்சி போட்ட வெள்ளைக் குல்லாய். கறுப்புச் சால்வை. எல்லோர் கண்ணும் ஓவியத்தின் இடுப்பில் இருக்க, அந்த அம்மாள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தும் தூங்கும் பிள்ளையை எழுப்புகிறவள்போல மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யூலலி... எந்திரிடி. எம்புட்டு நேரந்தான் தூங்குவ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தபடி ஒதுங்கினார்கள். லெயோந்தீன் ஒதுங்கவில்லை.

"யாரும்மா யூலலி?"

"என் மவ." அம்மாள் திரும்பவில்லை. "ரெண்டு வருசம் ஆச்சு, வீட்டு வேலைக்குன்னு பாரிஸுக்கு வந்து. ஒரு சேதி இல்ல. எங்கூரு தபால்காரன்தான் ஏதோ பத்திரிகையில இந்தப் படத்தப் பாத்துட்டு ஓடியாந்தான்."

பிறகு குல்லாயின் ஓரத்தை விலக்கித் தன் காதைக் காட்டினாள். மடல் கீழே தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. லெயோந்தீன் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதே காது.

"ஆனா உடம்பு அவளோடது இல்ல" என்றாள் அம்மாள். "அவ ஒல்லிக்குச்சி. இது யாரு உடம்போ தெரியல."

"என்னோடதும்மா."

அம்மாள் திரும்பினாள். லெயோந்தீனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தோளைத் தொட்டாள். முழங்கையைத் தொட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஓவியத்தில் அந்தக் கைதான் யூலலியின் முகத்தோடு சேர்ந்திருந்தது. அது போதும் என்பதுபோல.

லெயோந்தீனுக்குக் கையை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"அப்ப நீ அவளப் பாத்திருப்ப. ஒரே எடத்துல தான வேல செஞ்சீங்க?"

கூட்டம் இருவரையும் நெருக்கியது.

"பாத்தேம்மா."

"எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா."

"சாப்பிடுறாளா ஒழுங்கா? கன்னத்துல நல்ல செவப்பு ஏறியிருக்கே."

"ம்... நல்லா சாப்பிடுறா."

அம்மாள் சிரித்தாள். முன்பற்கள் இல்லாத, நிறைந்த சிரிப்பு.

"எம்மேல கோவத்துல இருப்பா. போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டேன். இந்த வாசல்ல இனிமே கால் வைக்காதேன்னு." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மறுபடி பாத்தா சொல்லு தாயி. அம்மா கதவத் தாழ்ப்பாள் போடுறதே இல்லன்னு."

"சொல்றேம்மா."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அம்மாள் ஓவியத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, திருவிழாவுக்கு வந்தவளைப்போலக் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனாள். வெள்ளைக் குல்லாய் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியது. ஒரு குரல் கொடுத்தால் நின்றுவிடும் தூரம்தான்.

லெயோந்தீன் ஓவியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓவியம் முடிவதற்கு முந்தைய வாரம் முசே அவளை மறுபடி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். படுக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம் நிறுத்தி, அவள் கன்னங்களை வலிக்கக் கிள்ளினார். சிவந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்து வண்ணம் குழைத்து அந்த முகத்தில் பூசினார். "இதுக்கு ரத்தம் பத்தல" என்றார்.

ஓவியப் பலகையின் ஓரத்தில் ஒரு கரிக்கோல் படம் குத்தியிருந்தது. அதே முகம், அதே காது, மூடிய கண்கள்.

"யாரு முசே இவ? என்னைய விட நல்லா நிப்பாளா?"

"நிக்க மாட்டா. ஆனா அசையவே இல்ல" என்றார் அவர், தூரிகையிலிருந்து கண் எடுக்காமல்.

அந்தப் படத்தை அவர் வரைந்தது, பாரிஸில் எல்லோரும் போய் வேடிக்கை பார்க்கிற பிணவறையில். மாதா கோவிலுக்குப் பின்னால், ஆற்றங்கரையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாய்வான கற்பலகைகள். ஊர் பேர் தெரியாதவர்களை அதில் கிடத்தி, யாராவது வந்து அடையாளம் சொல்வார்களா என்று சில நாள் வைத்திருப்பார்கள்.

கரிக்கோல் படத்தில் யூலலியின் தலைமயிர் நனைந்து நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது.