தனியாகப் போன இடது பலகை

மழையும் காற்றுமான ஒரு வசந்த காலக் காலையில், மலைமேல் ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகள் சண்டை போட்டுக்கொண்டன.

"உன்னோட சேர்ந்து ஓடியே என் வேகம் போச்சு. ஓட்டம் முடிஞ்சா ஒரே தோல் வாரில வேற சேர்த்துக் கட்டிப்போடறாங்க. மூச்சு முட்டுது," என்றது இடது.

"மழையில பனி கரைஞ்சு கிடக்கு. நிதானமாப் போ," என்றது வலது.

இடது கேட்கவில்லை. அவற்றை மாட்டிச் சறுக்கியவரின் காலிலிருந்து கழன்று தனியாகப் பாய்ந்தது. அடிவாரத்தில் பனியே இல்லை. சேற்றில் மூக்கு குத்தி நின்றது. ஒற்றைப் பலகையை விறகுக்குத்தான் எடுப்பார்கள் என்று நினைத்து நடுங்கியது.

வெகுநேரம் கழித்து, வலதைத் தோளில் சுமந்தபடி அவர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்.

"இவ்வளவு நேரம் எங்கே சுத்திட்டு வர்றே?" என்று சீறியது இடது.

அவர் இரண்டையும் சேர்த்து வாரால் கட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லேன்," என்றது இடது.