பிற்காலத்து மூக்கு

அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி, பழைய கோயில் தூணிலிருந்த பெண் சிலையை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"மூக்கு பிற்காலத்துல செஞ்சு ஒட்டினது. கழட்டிடுங்க."

"மூக்கும் முழியுமா லட்சணமா இருக்காளே மேடம், விட்டுடலாமே?" என்றார் உதவியாளர்.

"ஆயிரம் வருஷத்துச் சிலையில நம்ம கைவேலை இருக்கக் கூடாது. விதின்னா விதிதான்."

"உங்களுக்குக் கல்நெஞ்சு மேடம்!" அவர் சிறு உளியை எடுத்தார்.

"இருங்க... நாளைக்குக் கழட்டலாம்."

"ஏன்?"

"சாயங்காலம் எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன். கடைசியா ஒரு தடவை பாத்துக்கட்டும்."

"சிலைன்னா அவருக்கு அவ்வளவு பிரியமா?"

"அவர் சிற்பி. இதைச் செஞ்சு ஒட்டினதே அவர்தான். அம்மா தவறின வருஷம்."

உதவியாளர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வீட்டுல அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. அவங்க முகத்துல எங்களுக்கு மிச்சம் இந்த மூக்குதான்."